பழைய சாமானைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம்

ஐயா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னை ஏற்றிவந்த உங்கள் ஜீப்பில் முன்பக்க இடது சக்கரத்தின் பேரிங் தேய்ந்துவிட்டது. திருப்பங்களில் முனகுகிறது. டிரைவரிடம் சொன்னேன், சிரித்தார். நீங்கள் சொன்னால் கேட்பார். இப்படியே விட்டால் ஒருநாள் யாராவது அடிபடுவார்கள்.

இந்த ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூட வாசல் நன்றாகத் தெரிகிறது. என் தங்கச்சி அங்கேதான் படித்தாள். அப்பா அம்மா போன பிறகு நான்தான் அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவேன். சாயங்காலம் நான் பட்டறையிலிருந்து வரத் தாமதமானால், தெருவைத் தாண்டி வந்து இந்த ஸ்டேஷன் சுவரோரம் நிழலில் நிற்பாள். போலீஸ் இருக்கிற இடம், பயமில்லை என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டது வண்டியைப் பற்றி. சொல்கிறேன். எழுதிக்கொள்பவருக்குச் சிரமமில்லாமல் மெதுவாகவே சொல்கிறேன். எனக்கும் அசதியாக இருக்கிறது.

அது மாப்பிள்ளையின் பிக்கப். மாப்பிள்ளை என்றால் தங்கச்சியின் கணவர். செங்கல், மணல், பலகை என்று எதைக் கேட்டாலும் ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் பட்டறையில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். வண்டி முழுக்க நிற்பதற்குள் ஒரு கால் தரையில் இருக்கும். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. தங்கச்சியை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் அவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது.

அவர்கள் வீடு பட்டறைக்குப் பின்னால், சரிவில் இருக்கிறது. நான் பட்டறை மாடியில் படுத்துக்கொள்வேன். சாப்பாடு மூன்று வேளையும் தங்கச்சி கையால்தான். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. மாறவேண்டிய அவசியம் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறகு மலைமேல் ஒரு தோட்டத்தில் அவருக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. தங்க வீடும் உண்டு. ஆனால் மேலே போகிற பாதை மண் பாதை, மழை பெய்தால் குழம்பு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏற முடியும். இவர் வண்டியிலோ ஃபோர் வீல் வேலை செய்யவில்லை. முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, டேஷ்போர்டுக்குள் இருக்கிற கன்ட்ரோல் மாட்யூலில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. உள்ளங்கை அளவுப் பெட்டி. இரண்டு சக்கரமா நான்கு சக்கரமா என்று உத்தரவு போடுவது அதுதான்.

"அதை மாத்திக் குடுங்க மச்சான், மறுநாளே மூட்டையைக் கட்டிடறோம்" என்றார்.

அதாவது, வண்டி சரியாகும்வரை அவர்கள் இங்கே இருப்பார்கள்.

புது மாட்யூல் சீக்கிரமே வந்துவிட்டது. வரவில்லை என்று சொன்னேன். என் அலமாரியில்தான் துணி போர்த்தி வைத்திருந்தேன். தினம் சாப்பாடு கொண்டுவரும்போது தங்கச்சி கேட்பாள்.

"எப்பண்ணே முடியும்? அங்க கதவைத் திறந்தா பனி வீட்டுக்குள்ளயே வருமாம்."

"சளி பிடிக்கும்" என்றேன்.

"நீ ஒருத்தன். எதைச் சொன்னாலும் ஒரு வியாதி வெச்சிருப்பே."

அவள் சந்தோஷமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டாள். கணவர் மனம் நோகக் கூடாது என்று நடிக்கிறாள். வளர்த்தவனுக்குத் தெரியாதா?

கடைசியில் மாப்பிள்ளை வேறு பட்டறைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். கோபமாக இல்லை, என் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் சொன்னார். "உங்களுக்கும் வேலை ஜாஸ்தி மச்சான். எவன்கிட்டயாவது தள்ளிவிட்டுடறேன்." அதற்குமேல் இழுக்க முடியவில்லை. பார்சல் வந்துவிட்டது என்றேன்.

பேட்டரி வயரைக் கழற்றினேன். டேஷ்போர்டின் கீழ்த் தகட்டைப் பிரித்துப் பழையதை எடுத்தேன். புதியதை மாட்டி, ஸ்கேனரைப் போட்டு அதை வண்டியோடு பழக்கினேன். மாப்பிள்ளையே உட்கார்ந்து பட்டறைக்கு வெளியே இருக்கிற மண்மேட்டில் ஏற்றிப் பார்த்தார். ஆடு மாதிரி ஏறியது. இறங்கிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் சட்டையெல்லாம் என் கிரீஸ். பிறகு சாப்பிடப் போனார். எனக்குப் பசியில்லை என்றேன்.

அந்தப் பழைய மாட்யூலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஃபோர் வீலைப் போட மறுப்பது அதன் சின்னக் குறை. பெரிய குறை வேறு. கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் இன்னொரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. யாரும் கேட்காமலே இது சில சமயம் அந்தப் பெட்டியை நியூட்ரலுக்குத் தள்ளிவிடும். அப்போது ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கிங்கில் வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. சக்கரம் சும்மா உருளும். கை பிரேக் ஒன்றுதான் நிறுத்தும்.

மாப்பிள்ளை வீட்டுக் கேட் சரிவின் அடியில் இருக்கிறது. அவர் இறக்கத்தில் வந்து, பார்க்கிங்கில் தள்ளிவிட்டு, இறங்கி, வண்டிக்கு முன்னால் நின்று பூட்டைத் திறப்பார். கை பிரேக் போடவே மாட்டார். பார்த்தபோதெல்லாம் கண்டித்திருக்கிறேன். "கை பிரேக் போடுங்க மாப்பிள்ளை." "அதான் பார்க்கிங்ல இருக்கே மச்சான், எங்க ஓடிடப்போகுது?" பட்டறையில் எல்லோரையும் கேளுங்கள், நான் கண்டித்ததற்குச் சாட்சி உண்டு.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மறுபடி மாட்டினேன். எச்சரிக்கை விளக்கு மின்னி அவரைத் தொந்தரவு செய்யும் என்று அதன் பல்பை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். இருந்ததை இருந்த இடத்திலேயே வைத்தேன். அதைத் தப்பு என்று சொல்லலாம், வேறு பெரிய பெயர் வைக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் என் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சாமானைப் புதுச் சாமான் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். மாற்றாமல் மாற்றினதாக ஏமாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி. கற்றுக்கொண்ட நாளிலிருந்து செய்வதால் இப்போது யோசிப்பதே இல்லை. அன்றைக்குக் கடைசியாகக் கழற்றியது புதியது. கை அதை எடுத்துப் பெட்டியில் போட்டு, மூடி, சாப்பிட்டுவிட்டு வந்த மாப்பிள்ளையிடம் நீட்டியது. "பழசு. பத்திரமா வெச்சுக்குங்க" என்று வாய் சொன்னது. அவர் பிரித்தே பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். நல்ல மாட்யூலைக் காலடியில் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். நீங்கள் அதை எடுத்து என் முன்னால் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நாணயமாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மூட்டை கட்டுவதற்குக் கயிறு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். அவர் இறங்கிப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போது வண்டி உருண்டது. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் அவர். தங்கச்சி உள்ளே உட்கார்ந்திருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியாது, எதை மிதிப்பது என்றும் தெரியாது. நெற்றியில் லேசாக வீங்கியிருந்தது. மருந்து வாங்கிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கை பிரேக் போடச் சொல்லி. கேட்டாத்தானே." எல்லோரும் தலையாட்டினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த தங்கச்சி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் போட்டாருண்ணே."

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான்தான் போடச் சொன்னேன். அண்ணன் ஒண்ணு சொன்னா காரணமில்லாம சொல்லாதுன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே நல்லா மேல இழுத்துட்டுத்தான் இறங்குனாரு. நான் பார்த்தேன்."

லீவர் முழுக்க மேலே இருந்தது என்று நீங்களும் சொல்கிறீர்கள். இருந்திருக்கும். இழுத்தால் கனமே இல்லாமல் காற்றைப் பிடித்து இழுப்பதுபோல் வந்திருக்கும். போட்டுப் பழக்கமில்லாதவர், அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வண்டிக்கு அடியில் படுத்து கை பிரேக் கேபிளின் நட்டையும் நான் தளர்த்திவிட்டேன். ஒருவேளை என் பேச்சைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்தது. எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. கொன்றது நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இனி அவள் அந்த மலைக்கெல்லாம் போகமாட்டாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வாசலில் இருக்கிற கான்ஸ்டபிளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தங்கச்சி எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள், தடுக்காமல் உள்ளே விடச் சொல்லுங்கள். நேற்றும் வரவில்லை, இன்றும் இதுவரை காணோம். ஸ்டேஷன் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.