மிதிவயலில் முதல் கால்

ஆனைமுட்டிக் குளத்துக்கு ஒற்றை மதகு இருந்த காலமாம். இப்போது மூன்று. அந்த ஒற்றை மதகுக்குக் கீழே ஆவுடையாள் என்று ஒருத்தி இருந்தாளாம். என் பாட்டனுக்குப் பாட்டி. அவளுக்கு ஒரே ஒரு வயல்.

வயலுக்கு உரம் கொழிஞ்சித் தழைதான். மேற்கே கரட்டில் அது தானாக வளரும். ஆடு மாடு வாய் வைக்காது. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அதை வெட்டி வந்து, தண்ணீர் விட்ட வயலில் போட்டு மிதித்தால்தான் நெல்.

கரடோ பெரியவீட்டு வேலாண்டியுடையது. அவர் ஒரு சட்டம் வைத்தாராம்.

"தழை வேணுமா? மொதல்ல என் வயல்ல மூணு நாள் மிதிங்க."

மூன்று நாள் மிதித்துவிட்டு வந்தால் மதகு மூடியிருக்கும். ஆவுடையாளின் வயல் இரண்டு வருஷம் பதராகப் போனது. மூன்றாவதும் போனால் வயல் பெரியவீட்டுக்குத்தான் என்று ஊர் பேசியதாம்.

"இனி அவரு வயல்ல மிதிக்க மாட்டேன். கொழிஞ்சிய என் வயல்லயே விதைப்பேன்" என்றாளாம் அவள்.

கரட்டோரம் உதிர்ந்த நெற்றைப் பொறுக்கி இரண்டு உழக்கு விதை சேர்த்தாள். அறுப்பு முடிந்த ஈரத்தில் ஓர் உழக்கை விதைத்தாள். அங்கொன்று இங்கொன்று முளைத்ததோடு சரி.

"காட்டுச் செடிக்கு ஏர் பூட்டுன மொத ஆளு நீதாம்ளா" என்று சிரித்தாராம் வேலாண்டி.

அவள் வரப்பில் விரலால் நூறு குழி குத்தினாள். குழிக்கு ஒரு விதை. பதினொன்று முளைத்தது. மற்றது தோண்டிப் பார்த்தால் கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது.

பிறகு ஒரு நாள் வேலாண்டியின் வண்டித் தடத்தைப் பார்த்தாளாம். சக்கரம் சரளையோடு நெற்றை அரைத்த இடத்தில் மட்டும் கொழிஞ்சி நெருக்கமாக நின்றது.

"இதுக்குத் தோலு கீறணும் போலிருக்கு" என்றாள்.

மிச்ச விதையை ஆற்றுமணலோடு உரலில் போட்டாள். குத்தவில்லை. விதையின் மினுமினுப்புப் போகும்வரை உலக்கையைச் சுற்றித் தேய்த்தாள். மறுபடி நூறு குழி. எண்பத்துநாலு முளைத்தது. சிலர் தொண்ணூறு என்பார்கள், இல்லை, எண்பத்துநாலுதான்.

மீதியை வயலில் விதைத்து இரண்டு தண்ணீர் இறைத்தாள். சித்திரை வெயிலுக்கும் செடி சாகவில்லை. ஆனியில் வயல் முழுக்க ஊதாப் பூ. மதகு திறந்த அன்றே அறுத்துப் போட்டு மிதித்தாள்.

வேலாண்டி வரப்புக்கு வந்தாராம்.

"என் கரட்டுல திருடுனியாளா?"

"மண்ணுல நிக்கிற அறுத்த கட்டையப் பாரும் அய்யா. வேரோடயா திருட முடியும்?"

"விதை என்னுதுல்லா?"

"அது நெசம். எடுத்தபடி ரெண்டு உழக்கு, அப்படியே தந்திருதேன்."

வரப்பில் விட்டிருந்த தொண்ணூற்றைந்து செடியும் காய்த்து முற்றியதும், தலைதட்டி இரண்டு உழக்கு அளந்து கொடுத்தாள். தேய்க்காமல்.

அந்த வருஷம் அவள் வயல் நன்றாக விளைந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் வழியைச் சொன்னாள். அடுத்த வருஷம் ஊரே அவரவர் வயலில் விதைத்தது. பெரியவீட்டு வயலில் மிதிக்க ஆளில்லை. வேலாண்டி தன் இரண்டு உழக்கை விதைத்துப் பார்த்தார். முளைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதிலாம்: "ஆவுடைகிட்ட கேளும்."

கடைசியில் அவளிடமே வந்து நின்றாராம்.

"ஏளா, அந்த விதைய என்னதான் செய்த?"

"சொல்லுதேன் அய்யா. மொதல்ல என் வயல்ல மூணு நாள் மிதிங்க."

திரும்பிப் போனார். எட்டாம் நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாராம். ஒரு நாள் மிதித்தார். இரண்டு நாள் மிதித்தார். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் அவள் உரலைக் காட்டினாள்.

அதனால்தான் அவள் வயலுக்கு இன்றும் மிதிவயல் என்று பேர். தழை மிதிப்பு தொடங்கினால் பெரியவீட்டு ஆள் ஒருவர் அங்கே முதல் கால் வைக்க வேண்டும். மூன்று நாள். போன வருஷம் அவர்கள் வீட்டு மருமகன், வங்கி மேனேஜர், இரண்டாம் நாளோடு கரையேறப் பார்த்தார். வரப்பில் நின்ற பெண்கள் வழி விடவில்லை.

"இன்னும் ஒண்ணு கிடக்கு அய்யா" என்றார்கள்.