புகையைப் புதைக்கிற வேலை

நாகப்பட்டினத்திலிருந்து தரங்கம்பாடி போகும் மத்தியான பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் பர்தா போட்ட இளம்பெண்; பக்கத்தில், விற்றுத் தீர்ந்த மீன்கூடையைக் காலடியில் வைத்திருந்த அம்மாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு கத்தார்ல புகையைப் புதைக்கிற வேலை, அக்கா” என்றாள் இளம்பெண். தூங்கலாம் என்று கண்ணை மூடியவன் திறந்துகொண்டேன்.

“புகையைப் போயி யாராச்சும் புதைப்பாங்களா?”

“பேக்டரிப் புகையை மேல விடாம, குழாய் வழியா பூமிக்கு அடியில இறக்கிருவாங்களாம். மேல போனா உலகமே சூடாகி, கடல் ஏறிருமாம்.”

மீன்காரம்மா ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் கையைக் காட்டினார்.

“எங்க வாசல்ல நின்ன ரெண்டு தென்னையையும் கடல் கொண்டுபோயிருச்சு. இப்ப அலை அடுப்படி வரைக்கும் வருது. அந்தத் தம்பி நல்லா இருக்கட்டும். எப்ப வருது ஊருக்கு?”

“போயி மூணு வருசம் ஆச்சு. பெருநாளைக்கு வர்றேன்னாங்க. மெஷினைப் பார்த்துக்க வேற ஆள் இல்லன்னு லீவு தரல. பிள்ளை அத்தாவைப் போன்லதான் பார்த்திருக்கு.”

“இன்னும் கொஞ்ச நாள் இருந்து புதைச்சுட்டே வரட்டும், தங்கச்சி” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இல்ல, வரச் சொல்லு. நாங்க வேணா வீட்டை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டிக்கிறோம்.”