மேசையைத் தட்டினார்கள்

— அதான் கேக்கறேன், சொல்லாம கொள்ளாம நீ எதுக்குக் கார்ஹிங் யுனிவர்சிட்டி வரைக்கும் வந்தே?

— வந்தா தப்புங்களா? ஊட்டுக்காரரு முதல்முதலா பெரிய சபையில பேசறாரு. பொண்டாட்டி கடைசி வரிசையில உக்காந்து பாக்கக் கூடாதுங்களா?

— தப்புன்னு யார் சொன்னா கண்மணி? ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட், அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் உட்காரு. பஸ் மியூனிக் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். ஒலிம்பிக் வருதுன்னு ஊரையே தோண்டிப் போட்டிருக்கான். இதோ பாரு, 'பிராவோ, ஹெர் நடேசன்'னு புரொபசர் சொன்னாரே, கேட்டியா?

— கேட்டேனுங்க.

— எட்டு மாச ஆராய்ச்சி உழைப்பு. உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?

— பாதி புரிஞ்சுதுங்க. ரெண்டாவது போர்டுல ஒரு மைனஸை விட்டுப்போட்டீங்க. அப்புறம் நீங்களே சரி பண்ணிக்கிட்டீங்க.

— அதையும் பாத்துட்டியா? சரி, விடு. இன்னிக்கு உனக்கு மேத்ஸ் கிளாஸ் உண்டே?

— எனக்கு இனி அது எதுக்குங்க? விலகறேன்னு லெட்டர் எழுதினதுதான் உங்களுக்குத் தெரியுமே.

— நல்ல முடிவு. இதோ பாரு, யுனிவர்சிட்டில இடம் வேணும்னா நம்மூர் பி.யு.சி. இங்க பத்தாது, ஒரு வருஷம் அந்தக் காலேஜ்ல படிச்சுப் பரீட்சை எழுதணும். அவ்வளவுதானே? அதுக்கு மேத்ஸ் பிரிவுதான் வேணும்னு என்ன சட்டம்? மொழிப் பிரிவுக்கு மாறிக்கோ. ஈசியா பாஸ் பண்ணிடுவே.

— மொழிப் பிரிவுல போனா அப்புறம் யுனிவர்சிட்டில கணக்குப் படிக்க விடமாட்டாங்க. எனக்குக் கணக்குத்தானுங்க வேணும்.

— பின்ன ஏன் விலகறே?

— ஏன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? மூணு வாரம் முன்னாடி போர்டுல கணக்கை முடிச்சுப்போட்டுத் திரும்புனேன். வாத்தியாரு முதக்கொண்டு அத்தனை பேரும் விரல் முட்டியால மேசையைத் தட்டுனாங்க. நம்மூர்ல ஆளை வெரட்டறதுக்குத்தான் பெஞ்சைத் தட்டுவாங்க. சாக்பீசும் கையுமா அப்படியே நின்னுபோனேன். ஊட்டுக்கு வந்து உங்களைக் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— 'போதும், போய் உட்காருன்னு அர்த்தம். ஜெர்மன்காரன் மூஞ்சிக்கு நேரா திட்டமாட்டான், இப்படித்தான் சொல்லுவான்'னீங்க. அன்னைக்கிருந்து நான் போர்டுப் பக்கமே போகலீங்க. வாத்தியாரு கூப்பிட்டாலும் தலைவலின்னு உக்காந்துக்குவேன்.

— சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்ல.

— இன்னைக்கு நீங்க பேசி முடிச்சதும் நாப்பது பேரு மேசையைத் தட்டுனாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே தலை குனிஞ்சு நன்றி சொன்னீங்க.

— மெதுவா பேசு.

— இந்த பஸ்ல தமிழ் தெரிஞ்சவங்க யாருங்க?

— இதோ பாரு, காலேஜ் வேற, யுனிவர்சிட்டி வேற. இங்க தட்டினா...

— இங்க தட்டினா பாராட்டு, அங்க தட்டினா அவமானமுங்களா?

— கண்மணி!

— தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க.

— தெரிஞ்சேதான். வயித்தெரிச்சல். போதுமா? முந்தின நாள் அந்தக் கணக்கை நீதானே எங்கிட்ட கொண்டு வந்தே? ரெண்டு தாள் நிரப்பினேன், வரலை. நான் கோல்ட் மெடலிஸ்ட். நீ ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டே யோசிச்சே. மறுநாள் போய் நாலே வரில முடிச்சுட்டு வந்து, 'எதுக்குங்க தட்டுனாங்க'ன்னு எங்கிட்டயே அழறே! எனக்கு எப்படி இருக்கும்? அந்த நாலு வரியை நான் இன்னும் பாக்கலை, தெரியுமா? கேக்க வாய் வரலை.

— கேட்டிருந்தா காட்டியிருப்பேனுங்க.

— அது தெரியும். அதுதான் இன்னும் எரியுது.

— 'அங்க வந்தா உங்க பொண்ணையும் படிக்க வைக்கறேன்'னு எங்கப்பன்கிட்ட நீங்கதானுங்க சொன்னீங்க. வேற யாரும் சொல்லலை.

— சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். நீ படிப்பேன்னு தெரியும். என்னைத் தாண்டிப் படிப்பேன்னு யாருக்குத் தெரியும்?

— நான் எங்கீங்க தாண்டினேன்? ஒரே ஒரு கணக்கு.

— எனக்கு வராத கணக்கு. சரி, தப்பு என் மேலதான். அந்த லெட்டர் எங்க? கிழிச்சுப் போடு.

— நேத்தே வாத்தியாரு கையில குடுத்துட்டேனுங்க.

— ஐயையோ! உன் இடம் போச்சுன்னா அப்புறம் கிடைக்காதே. நாளைக்கு நானே வந்து பேசறேன். புரியாம எழுதிட்டான்னு சொல்றேன்.

— நீங்க வர வேண்டாங்க. அவரு இன்னும் ஆபீசுக்கு அனுப்பலை. எதுக்கு விலகறேன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல, நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்.

— நான் சொன்னதையா? அவர் என்ன சொன்னார்?

— உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லலீங்க. 'உங்க வீட்டுக்காரர் எங்கயாவது பேசறது உண்டா'ன்னு கேட்டாரு. நாளைக்குக் கார்ஹிங்லன்னேன். 'போய்க் கேளு. கடைசி வரைக்கும் இருந்து கேளு. அதுக்கப்புறமும் விலகணும்னு தோணுச்சுன்னா அனுப்பறேன்'னு சொல்லி லெட்டரை மேசைக்குள்ள வச்சுக்கிட்டாரு.

— அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் என்னை வேவு பாக்க வந்து உட்கார்ந்தே!

— இல்லீங்க. அன்னைக்கு நீங்க சொன்னதை நம்பிக்கிட்டு, நீங்க பேசி முடிக்கற வரைக்கும், முருகா, இவருக்கு ஒருத்தரும் மேசையைத் தட்டிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்.