கயிற்றின் மறுமுனை

சாயத் துணியை உச்சிவெயிலில் காயவிடக்கூடாது. வெளுத்துவிடும். மாண்டலேயில் இந்தச் சந்துக்கே துணி துவைப்பவள் நான். அதனால்தான் அன்று நான் கொடியில் கை வைத்தபோது யாரும் சந்தேகப்படவில்லை.

ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் வந்த மார்ச் மாதம். சந்து முனையில் பெண்கள் குறுக்கே கயிறு கட்டித் தங்கள் கைலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்ணின் இடுப்புத் துணிக்கு அடியில் போகும் ஆணுக்குப் பலம் போய்விடும். சிப்பாய்கள் அங்கே தயங்கி நிற்பார்கள். கம்பு தேடி அதைத் தள்ளுவதற்குள், ராணுவத்தை எதிர்த்து ஊர்வலம் போன பிள்ளைகள் பின்சுவர் ஏறித் தப்பிவிடுவார்கள்.

"துப்பாக்கி வச்சிருக்கறவன் என் கைலியப் பாத்து நடுங்கறான்க்கா," என்றாள் எதிர்வீட்டு கின் மியோ.

"நீ துவைக்கப் போடற லட்சணத்துக்கு நானே நடுங்கறேன்டி," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

என் மகன் தெட் பைங்கும் சிப்பாய்தான். அவன் பிறந்ததிலிருந்து அவன் துணியோடு என் கைலியைச் சேர்த்துத் துவைத்ததில்லை. அன்று காலை போன் செய்தான்.

"அம்மா, உங்க சந்துக்குத்தான் வர்றோம். நான் முன்னால நடக்கணும். தயங்கினா எல்லைச் சண்டைக்கு அனுப்பிடுவாரு கேப்டன்."

"சாப்பிட்டியா?"

"அத விடுங்கம்மா. அடிபட்டவங்களுக்கு அங்க யாரோ கட்டுப் போடறாங்களாமே?"

"கின் மியோ பொண்ணு நந்தார்டா. நர்சுக்குப் படிக்குது. நல்ல பொண்ணு."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். தாயிடம் மகன் கேட்டான்.

மதியம் ஏணியைச் சாத்தினேன். நந்தார் வாசலுக்கு வந்தாள். கையில் மருந்து வாடை. உள்ளே காலில் குண்டு பட்ட ஒருவன் படுத்திருந்தான்.

"எதுக்குப் பெரியம்மா எடுக்கறீங்க?"

"ஒரே புழுதி. அலசிட்டு நாளைக்குக் கட்டிடறேன்."

"அவனுங்க வந்துட்டா?"

"இந்த வெயில்லயா?"

சிரித்தாள். "இருங்க, நீங்க ஏற வேணாம்," என்று கயிற்றின் மறுமுனையை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள்.

துணிகள் வாளியில் ஊறுவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். யாரும் தயங்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மகன் முன்னால் நடந்தான். அவன் தலைக்கு மேலே வெறும் வானம். அவ்வளவுதான் நான் வேண்டியது.

நந்தார் அடிபட்டவனைத் தோளில் தாங்கிப் பின்சுவர்வரை வந்திருந்தாள். அவனை விட்டிருந்தால் அவள் ஏறியிருப்பாள். முதல் குண்டு தன்னுடையது இல்லை என்று என் மகன் பிறகு சொன்னான். இரண்டாவதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வழியைத் திறந்துவிட்டது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் பொய் சொன்னவள் என்று கின் மியோ சொல்வதை ஏற்கமாட்டேன். மறுநாள் காலை எல்லாக் கைலிகளையும் அலசி, ஒன்றுகூட விடாமல் அதே கயிற்றில் கட்டினேன். நந்தாரிடம் சொன்னபடியே.