அகத்தா விழுந்த படிக்கட்டு

என் மனைவி அகத்தா கஞ்சிக்குப் பூண்டைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுவாள், சார். பெரிய வெள்ளிக்கிழமை கோயில் முடிந்து வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் கஞ்சி. சுங்கைப் பட்டாணி டவுனில் இந்த பிளாட்டுக்குக் குடிவந்த வருடம் அவள் தொடங்கிய வழக்கம். வேதக்காரர்கள் மட்டும் என்றில்லை. மாரியம்மனைக் கும்பிடுகிற மருதம்மாள் அக்காவும் இரண்டாம் மாடியிலிருந்து தூக்குச்சட்டியோடு முதல் ஆளாக வந்துவிடுவார்.

காப்புறுதிக் கம்பெனியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்களெல்லாம் லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். லயத்து வீடுகளில் எது உடைந்தாலும் தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்து பழகியவர்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். படிக்கட்டு, நடைபாதை, தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுக்கவேண்டும் என்று வீடுவீடாக ஏறி இறங்கினேன். எங்கள் மாடிப் படியில் சிமெண்டு பெயர்ந்து கிடந்தது. யாராவது விழுந்தால்?

கீழ்வீட்டுப் பக்கிரிசாமி கூட்டத்தில் எழுந்து, "படிக்கட்டு செத்துப்போனா யாருண்ணே கொள்ளி வெக்கிறது? சும்மா இருங்க லா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அகத்தாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் நச்சரிப்புத் தாங்காமல்தான் கடைசியில் சம்மதித்துப் பணம் கட்டினார்கள். அதன் பிறகு படியில் யாரும் விழவில்லை. என்னைக் கண்டால் "மோரிஸண்ணே, படி சொகமா?" என்று கேட்பது அவர்களுக்கு வாடிக்கையாகிவிட்டது.

இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனவர்கள் போக, மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். பெரிய அண்டாவை இறக்கிவைக்க நான் வீட்டிலேயே இருந்தேன். அடுப்படியில் சிந்தியிருந்த கஞ்சியில் அகத்தா வழுக்கினாள். சிமெண்டு மேடையில் பின்மண்டை அடிபட்டது. காதிலிருந்து லேசாக ரத்தம் வந்தது. நினைவு இருந்தது. "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாங்க," என்றாள்.

வீட்டுக்குள் விழுந்தால் காப்புறுதி கிடையாது. உங்கள் ஏஜெண்டே எனக்கு விளக்கியிருக்கிறார். பொது இடத்தில் நடந்திருக்க வேண்டும், வேறு வீட்டுக்காரர் யாராவது பார்த்திருக்க வேண்டும்.

அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டில் கிடத்தினேன். மெதுவாகத்தான் தூக்கினேன், தலைக்குக் கை கொடுத்து. சிமெண்டு பெயர்ந்த இடத்தில் அவளுடைய ஒரு செருப்பை வைத்தேன். "கொஞ்ச நேரம் இங்கேயே இரும்மா. மருதம்மாக்கா வந்துருவாங்க," என்றேன். அவள் செருப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

உள்ளே வந்து அடுப்பை அணைத்தேன். தரையைத் துடைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏங்க" என்று ஒருமுறை கூப்பிட்டாள். கொஞ்சம் கழித்து இன்னொருமுறை, சன்னமாக. எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன், சார். ஆனால் நான் வெளியே போனால், பார்த்தது நான் என்று ஆகிவிடும்.

மருதம்மாள் அக்கா அன்று பார்த்துத் தாமதம். கோயிலிலிருந்து எல்லாரும் வரட்டும் என்று இருந்துவிட்டாராம். வெயில் இறங்கிய பிறகுதான் தூக்குச்சட்டி உருளும் சத்தமும் அவர் அலறலும் கேட்டன. கதவைத் திறந்தேன். அகத்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"படியில கால் தடுக்கிருச்சுக்கா," என்றாள். "நான்தான் பாத்து வரல."

எனக்காக அவள் சொன்ன பொய் அது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

பணத்துக்காக என்று நினைக்காதீர்கள். நான் போட்ட இழப்பீட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தால் இப்போதே கிழித்துப் போடுகிறேன். அடக்கத்தன்று பக்கிரிசாமி என் காலடியில் உட்கார்ந்து அழுதார். "நீங்க அப்பவே சொன்னீங்கண்ணே. நாங்கதான் சிரிச்சோம்," என்றார். பெட்டியை இன்னும் மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன். எனக்கு மனசு நிறைந்துபோனது, சார்.

பக்கிரிசாமியின் கார் அன்று கீழேயே நின்றது. அவர் வீட்டு ரேடியோ சத்தம் கதவருகில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. படிக்கட்டுவரை தூக்கியவன், இன்னும் கொஞ்சம் கீழே தூக்கிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அகத்தா மேல் எனக்கு அவ்வளவு உயிர். பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.