எந்தக் கண்?

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எந்தக் கண்ணுல ஆப்பரேசன்னு என்கிட்டயே கேக்காவ, மாப்ள."

"புருவத்துக்கு மேல மை வச்சு அடையாளம் போட்டாவன்னீரு?"

"சாமி கும்பிட்டுட்டுப் போவோம்னு மூஞ்சியக் கழுவித் திருநீறு பூசுனேன். மை போயிட்டு. நர்சு கேட்டா, வலதுன்னேன். ஊசி போடுதவரு கேட்டாரு, வலதுன்னேன். பெரிய டாக்டரும் கேக்கவும், நாம சொன்னது தப்பு போலன்னு இடதுன்னுட்டேன்."

"பெறகு?"

"அவியளுக்குள்ள சண்ட. ஆப்பரேசன நிறுத்திட்டாவ. திங்கக்கெழம வரணுமாம்."

"அன்னைக்கும் கேப்பாவல்லா? என்ன சொல்லுவீரு?"

பெரியவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சன்னலுக்கு வெளியே கரிசலைப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்தினார். புதூர் வரும்வரை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.