மகாராணியின் நான்கு சொற்கள்

மதிப்பிற்குரிய இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு, குமரகுரு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

மனுத்தாளின் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடம் விட வேண்டும். கோப்பில் கோக்கும்போது துளை எழுத்தின் மேல் விழக்கூடாது. வத்தலக்குண்டில் பத்தாம் வகுப்பு படிக்கையில் கற்றுக்கொண்டது. தாண்டிக்குடிக்குக் கீழே ஜீப் நிற்கும் வளைவில் மேசை போட்டு இருபத்தாறு வருடமாகிறது. என் மனு ஒன்றுகூட ஓரம் தப்பியதில்லை. சென்ற வாரம் எஸ்டேட் லயத்துப் பெண்கள் பதினோரு பேர் லாவண்யா மீது உங்களிடம் கொடுத்த புகாரும் என் கையெழுத்துதான். வாங்கிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்குய்யா" என்றீர்கள். ஆனால் அதன் மூன்றாம் பத்தியில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

இறந்துபோன மகாராணியை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். இங்கே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து, லயத்து வரிசை வீட்டில் இருந்தவள். புருஷன் இறந்தபோது ரேஷன் பட்டியலில் அவன் பெயரோடு சேர்த்து இவள் பெயரையும் அடித்துவிட்டார்கள்.

"நான் செத்துட்டேனாம்ண்ணே. தாலுகாவுல சொல்றாங்க. இப்ப நான் என்ன செய்ய?" என்று மேசை முன்னால் வந்து நின்றாள்.

எல்லா மனுவையும் 'மேற்கண்ட விலாசத்தில் வசிக்கும்' என்றுதான் தொடங்குவேன். அன்று என்னவோ, 'ஐயா, நான் உயிரோடு இருக்கிறேன்' என்று தொடங்கினேன். அவளுக்கு அப்போது எழுத்துக் கூட்டத் தெரியாது. இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அந்த நான்கு சொற்களின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள். நாற்பது நாளில் பெயர் திரும்ப ஏறியது.

அதன் பிறகு அது லயத்தில் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்கு மகாராணி பிந்தி வந்தால், அவள் தங்கை லெட்சுமி, "யாருடி அது வர்றது? ஐயா நான் உயிரோடு இருக்கிறேனா?" என்பாள். மகாராணியும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு அவள் மேல் வேறு எண்ணம் எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை மேசைக்கு வருவாள், சோலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவ்வளவுதான்.

போன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். லயத்தில் சிக்னல் இல்லை, வளைவில்தான் எடுக்கும். வேலை நேரத்தில் கையில் போன் வைத்திருக்கவும் எஸ்டேட்டில் அனுமதி இல்லை. ஆகவே பெண்கள் வெள்ளனே வேலைக்குப் போகும்போது போனைப் பாலித்தீன் பையில் போட்டு என் மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் எடுத்துக்கொள்வார்கள். முப்பத்தொரு ஆணி. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ கூப்பிட்டால் நான் எடுத்துப் பேசுவேன். அதற்காகவே யாரும் போனைப் பூட்டுவதில்லை.

போன சித்திரையில் லாவண்யா வந்தாள். கொடைக்கானல் பெண், ஏதோ ஒரு உரிமைச் சங்கத்துக்காரி. வியாழன்தோறும் ஜீப்பில் வந்து, போனைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி, பெயர் வெளியே தெரியாமல் புகார் அனுப்புவது எப்படி என்று சமுதாயக்கூடத்தில் வகுப்பு எடுத்தாள். போன் திறந்தே கிடந்தாலும் அதற்குள் தனியாக ஒரு பெட்டி வைத்துப் பூட்டலாமாம். போட்டோ, பேச்சு எல்லாம் அதற்குள் போய்விடும். சாவி, மறக்கவே முடியாத நான்கு சொற்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. ஹஸ்பெண்ட், பசங்க, என்கிட்டகூட."

"மனு அண்ணன்கிட்ட?" என்று லெட்சுமி கேட்டாள். எல்லோரும் ஜன்னல் வழியாக, வெளியே நின்றிருந்த என்னைப் பார்த்தார்கள்.

"அங்கிள்கிட்டயும்தான்" என்று சொல்லி லாவண்யா சிரித்தாள்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தேதியை மட்டும் குறித்துவைத்தேன்.

ஆவணியில் அதிகாரிகள் எஸ்டேட் ஆபீசுக்கு வந்து இரும்பு அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள். லயத்தாரின் ஆதார் அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் உள்ளே இருந்தன. வேறு எஸ்டேட்டுக்கு யாரும் போய்விடக்கூடாது என்று எஸ்டேட் மேனேஜர் தொரை வாங்கி வைத்திருந்தவை. அலமாரியை யாரோ வீடியோ எடுத்து, பெயர் தெரியாமல் புகார் அனுப்பியிருந்தார்கள். என் தொழிலில் அதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். நான் ஒருநாளும் எழுதியதில்லை. இருபத்தாறு வருடத்தில் என் மேசையைத் தொடாமல் லயத்திலிருந்து போன முதல் மனு அதுதான்.

அந்த வியாழக்கிழமை மலைவாழை ஒரு முழுத் தாரை லாவண்யாவின் ஜீப்பில் ஏற்றினார்கள். முன்பெல்லாம் என் மேசை ஓரத்தில் ஒரு சீப்பாவது இருக்கும்.

வீடியோ எடுத்தது யாரென்று தெரிந்தால் உயிரோடு விடமாட்டேன் என்று தொரை பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். கோபத்தில் யாரும் சொல்வதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மகாராணியிடம் கேட்டேன்.

"யாரு தாயி எடுத்தது?"

"எனக்கெப்படிங்கண்ணே தெரியும்?"

"எங்கிட்டயுமா?"

"தெரிஞ்சா உங்களுக்குத்தாண்ணே தொந்தரவு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு லாவண்யாவுடையது. இருபது வருடத்தில் அவள் என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் அவள் ஆணியிலிருந்து போனை எடுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து முறைதான் முயலலாம். அதன் பிறகு பெட்டி மறுநாள்தான் கேட்கும். போட்டதையே திரும்பப் போடக்கூடாது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வந்தேன். புருஷன் பெயர், பிறந்த ஊர், பழனி முருகனைக் கும்பிடும் வார்த்தைகள். நான்காம் நாள் நல்ல மழை. வளைவில் ஆளே இல்லை. திடீரென்று நினைவு வந்தது. ஐயா நான் உயிரோடு இருக்கிறேன். பெட்டி திறந்துகொண்டது.

அப்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 

அலமாரி வீடியோ இருந்தது. அதற்குக் கீழே, மகாராணியும் லாவண்யாவும் குரலில் பேசி அனுப்பிய செய்திகள்.

"மனு அண்ணன்கிட்ட மட்டும் சொல்லட்டுமா பிள்ளை? எனக்கு மொத மொத எழுதிக் குடுத்தவருங்க."

"வேண்டாம்க்கா. நம்பிக்கை இல்லாம சொல்லல. தெரியாதவரைக்கும் அவருக்கும் சேஃப்."

"சரி. நீ சொன்னா சரி."

அதை ஏழு முறை கேட்டேன். 'நீ சொன்னா சரி' என்று என்னிடம் அவள் சொன்னதில்லை.

எஸ்டேட்டுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. மறுநாள் யாருக்கு எந்த மலையில் வேலை என்று அதில்தான் போடுவார்கள். தொரையும் அதில் இருக்கிறார், வேலை வாங்கும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, மகாராணியின் போனிலிருந்து அந்த வீடியோவை அதில் அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. லாவண்யாவின் பூட்டு எவ்வளவு உறுதியானது என்று லயத்தார் தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் என் எண்ணம். மகாராணியை வேலையை விட்டு நிறுத்துவார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், அவள் என் மேசைக்கு வருவாள் என்று கணக்குப் போட்டேன். அந்த மனுவின் முதல் வரியைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது போனைப் பையோடு கொடுத்தேன். "சார்ஜ் புல்லா ஏத்தியிருக்கேன் தாயி, வெரசாப் போ, இருட்டுது" என்றேன். "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போலக் குறுக்குப்பாதையில் இறங்கிப் போனாள். கொஞ்சம் முன்னால்தான் மேஸ்திரிகள் இரண்டு பேர் அந்தப் பாதையில் இறங்கியிருந்தார்கள். ரோட்டு வழியாகப் போ என்று நான் சொல்லியிருக்கலாம்தான். ஏன் என்று கேட்டிருப்பாள்.

மூன்றாம் நாள், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் கிடந்தாள். அந்த இரண்டு பேரை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். தள்ளிவிட்டது அவர்கள்தான்; அதில் சந்தேகம் வேண்டாம். இறப்புச் சான்றுக்கு மனு எழுத லெட்சுமி என்னிடம்தான் வந்தாள். அதையும் ஓரம் விட்டு நன்றாகவே எழுதிக் கொடுத்தேன்.

பெட்டியை லாவண்யாதான் கொடைக்கானலிலிருந்தே கம்ப்யூட்டரில் திறந்திருக்க வேண்டும் என்று லயத்தில் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சை நான் தொடங்கவில்லை. டீக்கடையில் கேட்டவர்களிடம், அப்படியும் செய்ய முடியும் என்று மட்டும் சொன்னேன். பிறகு பதினோரு பேரும் புகார் எழுத என் மேசைக்கு வந்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து வந்து ரொம்ப நாளாகியிருந்தது. மலைவாழை ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தார்கள்.

லெட்சுமி சொல்லச் சொல்ல எழுதினேன். லாவண்யா சிறைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் போய்விட்டால் நான் எதுவும் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். ஆனால் எழுதியதை வாசித்துக் காட்டும்போது மூன்றாம் பத்தியில் நாக்கு நின்றுவிட்டது. 'மகாராணி தன் பூட்டுச் சொற்களை லாவண்யாவிடம் மட்டுமே சொல்லியிருந்தார்.' ஐயா, இது அபாண்டம். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொற்கள் தெரியவே தெரியாது. அவை நான் எழுதியவை. உலகத்தில் எத்தனையோ சொற்கள் கிடக்க, அவற்றைத் தேடிப் பிடித்து ஒருத்தி பூட்டு போடுகிறாள் என்றால், யார் திறக்க வேண்டும் என்று நினைத்துப் போட்டிருப்பாள்? தாங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தாளிலும் இடது ஓரம் விட்டிருக்கிறேன். புகாரோடு சேர்த்துக் கோத்துக்கொள்ளலாம். மூன்றாம் பத்தியை மட்டும் தயவுசெய்து இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்:

மகாராணி தன் பூட்டுச் சொற்களைக் குமரகுருவிடம் மட்டுமே சொல்லியிருந்தார்.